ஏணியும் எடைமேடையும்: எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற மோட்டார்ஹோமைத் தேடிய அனுபவம்

எங்கள் முதல் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஏழாவது இரவு. மணி இரண்டு இருக்கும். ஏதோ உலோகம் உரசுகிற சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். என் மாமியார் நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. மடியில் அலுமினிய ஏணி சாய்ந்து கிடந்தது. "ஒண்ணும் ஆகலைம்மா, நீ போய்ப் படு" என்றார்.

நடந்தது இதுதான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. அதில் என் மகள் படுப்பாள். அதற்கு ஏறும் ஏணியை மாட்டினால் அது நடைவழியில்தான் வந்து நிற்கும். அத்தைக்கு (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சாப்பாட்டு மேஜையை இறக்கி, அதன்மேல் மெத்தை பரப்பிய இடம். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர், எழுந்திருக்க ஏதாவது பிடிமானம் வேண்டும். இருட்டில் கைக்கு எட்டியது அந்த ஏணி. அது மேலே இரண்டு கொக்கிகளில் தொங்குவதோடு சரி, பக்கவாட்டில் இழுத்ததும் நழுவிவிட்டது. நல்லவேளை, மெல்லச் சறுக்கி உட்கார்ந்ததோடு போயிற்று.

அந்த இரவைவிட என்னை உலுக்கியது இரண்டு நாள் கழித்துத் தெரிந்த விஷயம். மாலை நான்கு மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். ராத்திரி எழுந்திருக்க வேண்டி வரக்கூடாது என்றுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் அவர். எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக ஊர் சுற்றலாம் என்று வாங்கிய வண்டியில், எழுபது வயதுக்காரர் ஒருவர் தாகத்தோடு படுத்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அந்த வண்டியை 14 மாதம் வைத்திருந்துவிட்டு விற்றோம். இப்போது இருப்பது இரண்டாவது. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் எந்த மாடல் நல்லது என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்கு எதெல்லாம் முடியாது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். யாருக்கு ஏணி ஏற முடியாது, யாருக்குப் பின்னோக்கி உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது, யாருக்கு எத்தனை கிலோவுக்கு மேல் ஓட்ட உரிமம் கிடையாது என்று எழுதிப் பார்த்தாலே சந்தையில் இருக்கும் வண்டிகளில் பாதி கழிந்துவிடும். முதல் முறை அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், அத்தை, பதின்மூன்று வயது மகள், ஆறு வயது மகன். ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்த வண்டியைப் பார்த்ததும், நமக்குப் போக ஒன்று மிச்சமே இருக்கிறதே என்று எடுத்துவிட்டோம். படுக்கையை எண்ணினோம், இருக்கையைச் சரியாகப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியில் யார் எங்கே உட்காருவது என்பதுதான் முதலில் வந்த சிக்கல். முன்னால் இரண்டு இருக்கை. மேஜைக்குப் பின்னால் முன்னோக்கிப் பார்த்தபடி இரண்டு, அவற்றுக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட். எதிரே பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு, அவற்றுக்கு இடுப்புப் பெல்ட் மட்டும். மகனை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கைக்கு மூன்று முனை பெல்ட் கட்டாயம். முன் கேபின் உயரமாக இருந்ததால் அத்தையால் அங்கே ஏற முடியாது. ஆக, அந்த இரண்டு நல்ல இடமும் பாட்டிக்கும் பேரனுக்கும் போனது. மகள் பின்னோக்கி உட்கார்ந்தாள். வளைவான சாலை வந்தால் போதும், அரை மணி நேரத்தில் முகம் வெளுத்து வாந்தி எடுப்பாள்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கும் முன் குழந்தையின் கார் சீட்டைக் கையோடு எடுத்துப்போய் அந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தையின் சீட்டை நேராக வண்டியோடு மாட்டுபவை) எல்லா மோட்டார்ஹோமிலும் இருப்பதில்லை. தரையில் கால் ஊன்றும் வகைச் சீட் என்றால், அந்தக் கால் நிற்கும் இடத்துக்குக் கீழே வெற்று அறை இருக்கக்கூடாது, மோட்டார்ஹோமில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கும். பக்கவாட்டில் பார்த்திருக்கும் சோஃபாவில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள், பெல்ட் இருந்தாலும் சரி. மோதினால் உடல் முன்பக்கமாக வீசப்படும், பக்கவாட்டில் உட்கார்ந்தவரைப் பெல்ட் சரியாகத் தாங்காது.

சரி, எடைக்கு வருகிறேன். எங்களுக்குப் பெரிய பாடம் கிடைத்தது அதில்தான்.

மூன்றாவது பயணத்தின்போது ஒரு குவாரியின் எடைமேடையைக் கடந்து போனோம். கணவர் சும்மா ஒரு யோசனையில் உள்ளே திருப்பினார். முழுச் சாமானோடு ஐந்து பேரும் உள்ளே. மேடையை இயக்கியவர் எண்ணைக் காட்டினார்: 3,620. எங்கள் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பின் அச்சுக்கு 2,000 கிலோதான் அனுமதி, அதுவும் தாண்டியிருந்தது. கணவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இதே எடையோடு முந்தின வாரம்தான் நீளமான மலை இறக்கத்தில் இறங்கியிருந்தோம்.

எப்படி இது நடந்தது என்று அன்று இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். ஓடத் தயார் நிலையில் வண்டியின் எடை என்று ஆவணத்தில் இருந்தது 3,060 கிலோ. ஐரோப்பிய முறைப்படி அந்த எண்ணுக்குள் ஓட்டுநருக்கு 75 கிலோவும், தொட்டியில் 90 சதவீத எரிபொருளும் அடக்கம். மிச்சம் 440 கிலோ, ஏராளம் என்றுதான் தோன்றும். மற்ற நாலு பேரும் சேர்ந்து 202 கிலோ. பிறகு பொருத்திய நிழல் திரை 30, கூடுதல் பேட்டரி 27, சோலார் பேனல் 15, பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டமும் சைக்கிள்களும் 75. இப்போது கையில் இருப்பது 91 கிலோ. ஐந்து பேருடைய துணி, போர்வை, பாத்திரம், மளிகை, மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகம், அத்தையின் மருந்துப் பெட்டி எல்லாம் அந்த 91-க்குள் அடங்க வேண்டும். நாங்கள் ஏற்றியிருந்தது 211.

மோட்டார்ஹோமில் இது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் உரிமத்துக்கு 3,500 கிலோ என்ற எல்லை நெடுங்காலமாக இருந்துவந்ததால், தயாரிப்பாளர்கள் முடிந்த மட்டும் வண்டியை அந்த எண்ணுக்குள் நிறுத்தப் பார்த்தார்கள். படுக்கை, குளியலறை, பெரிய ஃபிரிட்ஜ் என்று உள்ளே சேர்க்கச் சேர்க்கச் சாமானுக்கான மிச்சம் சுருங்குகிறது. அங்கே சாமானுக்கென்று குறைந்தபட்சம் விட வேண்டிய எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கையோடு வண்டியின் நீளத்தை மீட்டரில் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். ஆறு இருக்கை, ஏழு மீட்டர் என்றால் 130 கிலோ. ஆறு பேர் ஒரு வாரம் தங்கியிருக்க அது போதுமா என்று உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னால் மாட்டும் சைக்கிள் கூடுதலாகச் சதி செய்கிறது. பின் அச்சுக்குப் பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் எதை வைத்தாலும் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இரண்டு அச்சுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி 100 கிலோ வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சில் ஏறுவது 150 கிலோ. முன் அச்சிலிருந்து 50 கிலோ தூக்கிக்கொள்ளும். முன் சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டியில் ஈரமான மேட்டில் சக்கரம் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். டயர், பிரேக் ஒரு பக்கம் இருக்கட்டும், விபத்து என்று வந்தால் எடை மீறியதைச் சொல்லிக் காப்பீட்டை மறுக்கவும் இடம் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே, வாங்கப் போகும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்க விடுவீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய வண்டி என்றால் அவசியம் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் என்னென்ன பொருத்தியிருக்கிறார் என்பது ஆவணத்தில் இருக்காது, மேடையில் தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அப்போது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, 100 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் கூடுதலாக ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

முதல் வண்டியை விற்ற பிறகு ஐந்து மாதம் எதையும் வாங்கவில்லை. மூன்று முறை வாடகைக்கு எடுத்தோம், மூன்றும் வெவ்வேறு வகை. வேனுக்குள்ளேயே படுக்கை போட்ட சிறிய கேம்பர்வேன் ஒன்று, ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டக் கார் மாதிரி சுகம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நானும் அவரும் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்திருப்போம். ஐந்து பேருக்கு ஆகாது. அடுத்தது, முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக, பஸ் போல இருக்கும் பெரிய வகை. உள்ளே விசாலம், ஆனால் வாசல் படி உயரம், அகலமும் அதிகம், குறுகலான பாலம் வந்தால் கணவரின் தோள் இறுகிவிடும். (வட அமெரிக்காவில் இவற்றை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். அளவு வரிசை என்று நினைத்துவிட வேண்டாம். ஏ பெரியது, பி தான் இருப்பதில் சிறிய வேன் வகை, சி நடுவில் வரும்.) மூன்றாவது வாடகைப் பயணத்தில் இரண்டு நாள் விடாமல் மழை. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டது மற்ற பயணங்கள் எல்லாம் சேர்ந்து கற்றுக்கொடுத்ததைவிட அதிகம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்கார இடம் உண்டா, நனைந்த ஐந்து ஜோடிச் செருப்பு எங்கே போகும், ஈரத்துணியை எங்கே தொங்கவிடுவது, பதின்மூன்று வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற ஒரு மூலை இருக்கிறதா என்பதெல்லாம் வெயில் நாளில் நினைவுக்கே வராது. வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் போகப் போகிறீர்கள் என்றால் வாடகையே போதும் என்பது என் அபிப்பிராயம். சொந்த வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களிலும் நிறுத்துமிடம், காப்பீடு, பராமரிப்பு என்று செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். முதல் முறை அவரை அழைத்துப் போகாதது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது புரிகிறது. அவருக்கு அலுப்பாக இருக்கும், வயதானவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். கூட்டிப்போனால் அவர் வேறு கண்ணோடு பார்த்தார். வாசலில் நின்று படியின் உயரத்தைக் காலால் அளப்பார். உள்ளே ஏற எதைப் பிடிப்பது என்று கையை நீட்டிப் பார்ப்பார். தரை ஒரே மட்டமாக இருக்கிறதா, நடுவில் எங்கேயாவது அரைப்படி ஏறி இறங்குகிறதா என்று நடந்து பார்ப்பார். பல வண்டிகளில் பின் படுக்கையின் கீழே சாமான் அறை இருப்பதால் படுக்கை இடுப்பு உயரத்துக்குப் போய்விடும். அவற்றை வாசலிலிருந்தே வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்.

விற்பனையாளரிடம் நாங்கள் வைத்த வேண்டுகோள் ஒன்றுதான்: எல்லாப் படுக்கையையும் விரித்துக்கொள்கிறோம், அரை மணி நேரம் எங்களை உள்ளே விடுங்கள். சிலர் முகம் சுளித்தார்கள், பெரும்பாலானோர் சரி என்றார்கள். ஐந்து படுக்கையும் விரித்து, ஏணியும் மாட்டி, ஐந்து பேரும் அவரவர் இடத்தில் படுத்துவிடுவோம். பிறகு அத்தை எழுந்து கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். யாரையும் தாண்டக்கூடாது, எதையும் நகர்த்தக்கூடாது. இந்தச் சோதனையில் தேறியவை நாங்கள் பார்த்த பதினொன்றில் இரண்டே இரண்டு. ஒரு வண்டியில் எல்லாம் பொருந்தியது போலத்தான் இருந்தது. ஆனால் மேஜைப் படுக்கையை விரித்ததும் வாசல் கதவுக்குப் போகும் வழியே அடைபட்டுவிட்டது. தீ, புகை என்று ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவது? அதையும் விட்டுவிட்டோம்.

படுக்கையின் நீளத்தை டேப் வைத்து அளந்தோம். கணவர் 185 சென்டிமீட்டர். வேனில் குறுக்காகப் போடும் படுக்கைகள் பல அவருக்குப் போதவில்லை, முழங்காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. மெத்தையின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், சுவருக்குச் சுவர் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் இன்சுலின்தான் எங்களுக்கு வழிகாட்டியது. பிரிக்காத இன்சுலினை 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. எங்கள் முதல் வண்டியில் இருந்தது கேஸ், வண்டியின் 12 வோல்ட், வெளி மின்சாரம் மூன்றிலும் ஓடும் உறிஞ்சல் வகை, கம்ப்ரஸர் இல்லாமல் வெப்பத்தைக் கொண்டு குளிரவைப்பது. சத்தமே இருக்காது, கேஸில் ஓட்டினால் பேட்டரியைத் தின்னாது, அதெல்லாம் நல்ல குணம்தான். ஆனால் வண்டி சாய்வாக நின்றால் சரியாக வேலை செய்யாது, கடும் வெயிலில் திணறும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி வைத்துப் பார்த்தபோது மதியம் 13 டிகிரி காட்டியது. பால் என்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மருந்து அப்படியா? இந்த முறை கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்தோம். சாய்ந்து நின்றாலும் குளிரும், வெயிலையும் ஓரளவு தாங்கும். பதிலுக்குப் பேட்டரி கேட்கும்.

எங்களுடையது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) எடுக்கிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் 60 என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும், நிஜமாகக் கையில் இருப்பது 50 தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்குக் குறைவு. எடை விஷயத்தில் சூடுபட்டிருந்த எங்களுக்கு அது பெரிய சமாதானமாக இருந்தது. இரண்டு லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறோம், வெளி மின்சாரம் இல்லாமல் இரண்டு நாள் தாராளமாக நிற்கலாம். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது. அதைத் தடுக்கும் அமைப்போ, சூடாக்கும் அமைப்போ அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கழிவுப் பெட்டியை வெளியே இழுத்தெடுக்கும் கேசட் வகையில் 18, 20 லிட்டர் பிடிக்கும், ஐந்து பேருக்கு இரண்டு நாள் வந்தால் அதிகம். நிரம்பிய பெட்டி இருபது கிலோ கனக்கும், அதைத் தூக்கிக் கொட்டப் போவது யார் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதென்று தீர்மானித்தபோது நான் அதிகம் பயந்தது ஓதத்துக்குத்தான். இன்ஜின் கோளாறு என்றால் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். சுவருக்குள் ஊறிய தண்ணீர் மரச்சட்டத்தை மெல்ல மெல்ல மக்க வைத்துவிடும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு வண்டி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பளபளவென்று இருந்தது, உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவியத்தின் மணம். அந்த மணமே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பின் மூலையில் இருந்த மேல் அலமாரியைத் திறந்து, சாமான்களை ஒதுக்கிவிட்டு, சுவரும் கூரையும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பலகை ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போய் வந்தது. கையை எடுத்து முகர்ந்தால் மழைக்காலத்தில் மூடி வைத்த பெட்டியின் வாடை. ஈரம் அளக்கும் கருவியை வைத்தபோது 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. பொதுவாக 15-க்குள் இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். விற்பவர் அது வெறும் காற்று ஈரம் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஜன்னல் ஓரம், கூரை ஜன்னலைச் சுற்றி, பின் விளக்குகள் பொருத்திய இடம், சக்கர வளைவுக்கு மேலே என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தரையில் செருப்பில்லாமல் நடங்கள், மெத்தென்று அமுங்கும் இடத்தைக் கால் சொல்லிவிடும்.

அப்புறம் டயர். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்கிறதே. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பக்கத்தின் வரிப்பள்ளங்கள் புதிது போல இருந்தாலும் ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. குறைவாக ஓடிய வண்டி என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், ஓடாமல் எத்தனை நாள் எங்கே நின்றது என்று கேளுங்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்த வண்டியை வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் முதல் வண்டியேதானோ என்று தோன்றும். அதே ஏழு மீட்டர், ஓட்டுநருக்கு மேலே அதே பரண். உள்ளே தான் வித்தியாசம். பின்பக்கம் சாமான் அறை கிடையாது, அந்த இடத்தில் ரயிலில் இருப்பது போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிரந்தரப் படுக்கை. கீழே அத்தை, மேலே மகள், மகளுக்கென்று ஒரு திரையும் சின்ன விளக்கும். கழிப்பறை அத்தையின் படுக்கையிலிருந்து இரண்டே எட்டு. பரண் எனக்கும் கணவருக்கும். ஏணியை மாட்டினாலும் அது முன்பக்கமே நின்றுவிடுகிறது, ராத்திரி யார் வழிக்கும் வருவதில்லை. மகனுக்கு மேஜை இருக்கையைப் பாதி மட்டும் விரித்தால் போதும். முன்னோக்கிய இருக்கைகள் நான்கு பின்னால் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மூன்று முனை பெல்ட். மகளுக்கு இப்போது வாந்தி வருவதில்லை.

இதற்காக விட்டுக்கொடுத்ததும் உண்டு. நினைத்திருந்ததைவிட ஐந்து வயது பழைய வண்டி. பெரியவர்களின் சைக்கிள் வீட்டிலேயே தங்கிவிட்டது, பிள்ளைகளுடையது மட்டும் வருகிறது. மொத்த எடை 4,250 கிலோ என்பதால் கணவர் வேலைக்கு நடுவே பயிற்சிக்குப் போய், அடுத்த வகை உரிமத்துக்கான தேர்வில் ஜெயித்து வந்தார். இந்த எடையில் சில நாடுகளில் வேக வரம்பும் சுங்கக் கட்டணமும் மாறுகின்றன, போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயரம் மூன்று மீட்டருக்கு மேல். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறோம், தாழ்வான பாலத்தின் முன் நின்றுகொண்டு யோசிக்க வேண்டாம் பாருங்கள். முதல் பயணத்துக்குக் கிளம்பும்போதே எடைமேடைக்குப் போனோம். ஐந்து பேர், முழுத் தண்ணீர், எல்லாச் சாமானும் சேர்த்து 3,790. அந்தச் சீட்டைக் கணவர் ஆவணங்களோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

வண்டி வந்த புதிதில் இரண்டு வேலை செய்தேன். அத்தையின் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக, கால் அசைந்தால் எரியும் சின்ன விளக்குகள் ஒட்டினேன். படுக்கை அருகே சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று போடச் சொன்னேன். கைப்பிடியைத் திருகும் இடத்தில் உள்ளே சட்டம் இருக்க வேண்டும், வெறும் பலகையில் திருகினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று பட்டறையில் சொல்லித்தான் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் புதிதாக மாட்டினோம். உள்ளே கேஸ் அடுப்பும் ஹீட்டரும் இருக்கும் வண்டியில் இவை இல்லாமல் ஒரு இரவு கூடத் தூங்கக்கூடாது.

இப்போது மாலையில் எல்லோரும் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அத்தை இரண்டாவது தம்ளர் தண்ணீர் கேட்கிறார். நானும் கவனிக்காதவள் போல எடுத்துக் கொடுக்கிறேன்.

மகன் படுக்கும் இடத்தின் நீளம் 165 சென்டிமீட்டர். அவன் வளரும் வேகத்தைப் பார்த்தால் ஐந்தாறு வருடம் தாங்கும். அதற்குள் மகள் மேற்படிப்புக்குப் போய்விடுவாள். மேல் படுக்கை அவனுக்குத்தான் என்று அக்காவும் தம்பியும் இப்போதே பேசி முடித்துவிட்டார்கள், திரையை மட்டும் அவள் கழற்றிக்கொண்டு போவாளாம்.